வேலிக்கு அப்பால் யாருடைய நிலம்?

கடந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்து என் அண்ணனின் மகன் குடும்பத்தோடு வட்டுக்கோட்டைக்கு வந்திருந்தான். மனைவி, பன்னிரண்டு வயதில் ஒரு மகள், ஒன்பது வயதில் ஒரு மகன். ஒருநாள் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போனோம். மூளாய், பொன்னாலை வழியாகப் பாலத்தைக் கடந்தால் அதிக நேரம் ஆகாது. பிள்ளைகள் பொழுது சாயும் வரை ஆழமற்ற அந்தக் கடலில் குளித்தார்கள். சவுக்கு மரங்களின் கீழே பாயை விரித்துச் சாப்பிட்டோம். மிச்சத்தையும் தட்டுகளையும் ஒரு பையில் கட்டி வைத்தது அந்தச் சிறுவன்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பொன்னாலைப் பாலத்தின் மேல் வான் ஓடிக்கொண்டிருந்தது. இருபுறமும் பரவைக் கடல், மீனவர்கள் நட்டு வைத்த தடிகள், வலைகள், ஒற்றைக் காலில் நின்ற கொக்குகள். அண்ணன் மகன் குடித்து முடித்த தண்ணீர்ப் போத்தலை யன்னல் வழியாக வெளியே எறிந்தான். அது நீரில் விழுந்து மிதந்ததைப் பின் இருக்கையிலிருந்து நான் பார்த்தேன். சிறுவனும் பார்த்தான்.

"அப்பா, ஏன் வெளியில எறிஞ்சனீங்கள்?"

"இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான், ராசா."

சிறுவன் தன் தகப்பனைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். ஊரில் இருக்கும் தாத்தா, பத்திரிகையில் எழுதியவர், ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் சொல்லவில்லை. விருந்தாளியாக வந்தவனைப் பிள்ளையின் முன்னால் கடிந்துகொள்வது எப்படி என்ற தயக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதிய எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் வாய் திறக்க முடியவில்லை. அந்தத் தயக்கந்தான் இதை எழுத வைத்தது.

அறியாமையால் அவன் எறியவில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். ரொறன்ரோவில் அவன் வீட்டில் நான் இரண்டு மாதம் தங்கியிருக்கிறேன். அங்கே மட்கும் கழிவுக்கு ஒரு தொட்டி, மீள்சுழற்சிக்கு ஒரு தொட்டி, மற்றதற்கு இன்னொன்று. பூங்காவுக்கு நாயைக் கூட்டிச் செல்லும்போது சட்டைப்பையில் சிறு பைகளைக் கொண்டு போவான். நாயின் கழிவையே குனிந்து எடுக்கும் அந்தக் கைதான் பொன்னாலைப் பாலத்தில் போத்தலை எறிந்தது. இடம் மாறியதும் பழக்கமும் மாறிவிட்டது. 'இங்கே இதுதான் வழக்கம்' என்று அவன் மனம் எங்கேயோ பதிந்து வைத்திருக்கிறது. அதைப் பதித்தவர்கள் நாங்கள்.

யாழ்ப்பாணத்துத் தமிழர் அழுக்கானவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. விடியுமுன் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிப்பது எங்கள் வீடுகளில் தலைமுறை வழக்கம். கூட்டாத முற்றத்தைக் கண்டால் அந்த வீட்டில் ஏதோ துக்கம் என்று அயலவர் விசாரிப்பார்கள். ஆனால் கூட்டிய குப்பை எங்கே போயிற்று? பனையடிக்கும் தென்னையடிக்கும் ஒரு பங்கு, வேலிக்கு அப்பால் ஒழுங்கைக்கு மறுபங்கு. அன்று அதனால் பெருங்கேடு விளையவில்லை. குப்பை என்று நாங்கள் சொன்னது மாவிலை, பலாச் சருகு, பனையோலைத் துண்டு, சாப்பிட்ட வாழையிலை, கச்சான் கோது ஆகியவையே. ஆடு பாதியைத் தின்னும். மாரி மழை மீதியை மண்ணாக்கும். கூழ் குடித்த பலாவிலையையும் கள்ளுக் குடித்த பிளாவையும் எங்கே எறிந்தாலும் மறு ஆண்டு அங்கே அதன் சுவடு இருக்காது.

பிறகு பொலித்தீன் வந்தது. வேலிக்கு அப்பால் எறியும் கை மாறவில்லை. எறியப்படும் பொருள் மட்டும் மாறிவிட்டது. இடையில் போர்க்காலத்தில் வேறொரு பாடமும் படித்தோம். 1990க்குப் பின்வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றரியும் அருமையாகிப் போயின. ஜாம் போத்தல் விளக்காயிற்று. பொலித்தீன் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு மறுபடி பாவித்தோம். என் அண்ணன் மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படித்ததும் அப்படியொரு ஜாம் போத்தல் விளக்கில்தான். ஒரு போத்தலின் பெறுமதி அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது பஞ்சம் கற்பித்த சிக்கனம். 2002இல் ஏ-9 வீதி திறந்ததும், 2009க்குப் பின் பொருள்கள் வெள்ளமாக வந்து குவிந்ததும், பஞ்சம் போனதோடு அந்தச் சிக்கனமும் போய்விட்டது. பொருள் இல்லாததால் வந்த ஒழுங்கு, பொருள் வந்ததும் நீங்கியதில் வியப்பில்லை.

இனிப் பிள்ளைகளின் பக்கம் வருவோம்.

எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் காலை மணி அடிக்குமுன் பிள்ளைகள் விளக்குமாறும் கூடையுமாக வகுப்பையும் வளவையும் துப்புரவு செய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள், பலர் செய்துமிருப்பீர்கள். யப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள் என்று வியந்து எழுதுகிறோமே, அந்த வழக்கம் எங்களிடமும் நெடுங்காலமாக இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டமும் பாடசாலைகளில் நடக்கிறது; பதக்கங்களும் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் அதே பிள்ளைகள் மாலையில் விளையாடப் போகும் இடத்தைப் பாருங்கள். நான் நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் ஒரு சிறுவர் விளையாட்டிடம் இருக்கிறது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், நிழலுக்கு ஒரு வேம்பு. ஊஞ்சலின் கீழே ரொபித் தாள்கள், பிஸ்கற் உறைகள், யோகட் கோப்பைகள், வாயகன்ற பானப் போத்தல்கள். குப்பைத் தொட்டி ஒன்றும் உண்டு. மூடி இல்லை. நாய்கள் இழுத்து விட்டவை அதைச் சுற்றிக் கிடக்கும்.

காலையில் கூட்டுகிற பிள்ளை மாலையில் ஏன் எறிகிறது?

இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, துப்புரவை மதிலோடு சேர்த்துக் கற்பித்துவிட்டோம். பாடசாலை வளவைச் சுத்தமாக வைத்திரு, வீட்டு முற்றத்தைச் சுத்தமாக வைத்திரு என்கிறோம். இரண்டுக்கும் இடையில் கிடக்கிற வீதி, வாய்க்கால், பூங்கா, குளக்கரை எல்லாம் யாருடையவை என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பொது என்றால் எல்லாருக்கும் உரியது என்று பிள்ளைக்கு விளங்கவேண்டும். யாருக்கும் உரியதல்ல என்றுதான் விளங்கியிருக்கிறது.

மற்றக் காரணம் சொல்லக் கூச்சமானது. பிந்தி வந்த மாணவனுக்கு என்ன தண்டனை கொடுக்கிறோம்? மைதானத்தில் கடதாசி பொறுக்கச் சொல்கிறோம். வீட்டுப்பாடம் செய்யாதவளுக்கு? வகுப்பைத் தனியே கூட்டு என்கிறோம். நானும் அப்படிப் பொறுக்கியவன்தான்; அன்று சக மாணவர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. குப்பை பொறுக்குவது குற்றம் செய்தவன் செய்யும் வேலை என்று பத்து வயதில் ஒரு பிள்ளையின் மனத்தில் எழுதிவிட்டு, இருபது வயதில் அது பூங்காவில் குனிந்து ஒரு தாளை எடுக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? இதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. குப்பை அள்ளும் தொழிலை ஒரு சில குடும்பங்களின் தலையில் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தி, அவர்களைத் தள்ளி வைத்த சமூகம் இது. 'படிக்காவிட்டால் குப்பை அள்ளத்தான் போவாய்' என்று பிள்ளையை வெருட்டாத வீடு எத்தனை? அந்த ஒரு வசனத்தில் துப்புரவையும் இழிவுபடுத்துகிறோம், துப்புரவுத் தொழிலாளியையும் இழிவுபடுத்துகிறோம்.

சட்டம் போட்டால் திருந்தும் என்பார்கள் சிலர். சட்டம் இல்லாமலா இருக்கிறது? பொதுத் தொல்லைகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1862இலேயே வந்துவிட்டது. 2017 செப்டெம்பரில் லஞ்ச்சீற்றும் றெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்ரோபரில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், இடியப்பத் தட்டு ஆகியவற்றுக்கும் தடை வந்தது. 2025 ஜனவரி முதல் நாளில் 'கிளீன் சிறீலங்கா' என்று அரசு ஒரு பெருந்திட்டத்தையே தொடங்கியது. இவை வேண்டியவையே. ஆனால் ஊஞ்சலின் கீழே கிடக்கும் ரொபித் தாளுக்கு வர்த்தமானி அறிவித்தல் ஒருபோதும் எட்டாது.

தண்டப்பணம் அறவிட முயன்ற கதையும் எங்களிடம் உண்டு. 2021இல் யாழ். மாநகர முதல்வராயிருந்த விஸ்வலிங்கம் மணிவண்ணன், நகரில் குப்பை போடுவோரையும் எச்சில் துப்புவோரையும் கண்டறிந்து தண்டம் விதிப்பதற்கு ஐந்து பேர் கொண்ட அணி ஒன்றை அமைத்தார். அவர்களுடைய நீலச் சீருடை விடுதலைப் புலிகளின் காவற்றுறைச் சீருடையை ஒத்திருக்கிறது என்று சொல்லி, ஏப்ரல் 9 அதிகாலையில் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினர் அவரைக் கைது செய்தனர். கொழும்பு மாநகர சபை ஊழியர்களின் சீருடையைப் பார்த்தே அது தைக்கப்பட்டது என்று அவர் விளக்கினார். அன்றே நீதிமன்றம் அவரைப் பிணையில் விட்டது. நாடெங்கும் சீருடையின் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். பத்திரிகைகளும் அதையே எழுதின. குப்பையைப் பற்றிப் பேசவந்த விடயத்தில் குப்பை மறந்தே போயிற்று. தண்டம் விதிப்பதில் கூட எங்களுக்கு இத்தனை சிக்கல் உண்டு என்றால், காவலுக்கு ஆள் வைக்கத் தேவையில்லாத ஒழுக்கமே எங்களுக்கு அதிகம் வேண்டியிருக்கிறது.

தண்டம் நன்றாக நடைமுறையில் உள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். 1968 ஒக்ரோபரில் லீ குவான் யூ தொடங்கி வைத்த தூய்மை இயக்கம் அந்த நகரின் முகத்தை மாற்றியது உண்மை. ஆனால் 2015 ஜனவரியில், 'கார்டன்ஸ் பை த பே' பூங்காவில் ஓர் இசைவிழா முடிந்தபோது புல்வெளி முழுவதும் குப்பையாகக் கிடந்தது. அந்தப் படத்தைப் பார்த்த முன்னாள் பிரதமர் கோ சோக் தோங் மிகுந்த வருத்தத்தோடு எழுதினார். வெளிநாட்டுத் துப்புரவுத் தொழிலாளர் இல்லாவிட்டால் நகரம் என்னவாகும் என்பது அவருடைய கவலை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் கால இயக்கத்துக்கும் தண்டத்துக்கும் பின்னால் அந்தக் கவலை! மாறாக, 2018 உலகக் கிண்ணக் காற்பந்தாட்டத்தில் பெல்ஜியத்திடம் கடைசி நிமிடத்தில் தோற்ற யப்பானிய இரசிகர்கள், கண்ணீரோடு தங்கள் இருக்கைகளைச் சுற்றிக் கிடந்தவற்றைப் பொறுக்கிப் பைகளில் கட்டினார்கள். அந்நிய நாடு, அந்நிய மைதானம், எவரும் தண்டம் கேட்கப் போவதில்லை. இடம் மாறியும் அவர்கள் பழக்கம் மாறவில்லை. பொன்னாலைப் பாலத்தில் நான் கண்டதற்கு நேர்மாறான காட்சி அது.

தொட்டியில் போடு என்று சொல்லிக் கொடுத்தால் போதுமா? போதாது என்றே நினைக்கிறேன். யாழ்ப்பாண நகரிலிருந்து அராலி வழியாக வட்டுக்கோட்டைக்கு வருபவர்களுக்குக் கல்லுண்டாய் வெளியைத் தெரியும். கடனீரேரியின் காற்று வீசும் அந்த அழகிய வெளியில்தான் மாநகரின் குப்பை நெடுங்காலமாகக் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. தீப்பற்றிப் புகை எழும் நாள்களில் பஸ்ஸில் வருபவர்கள் யன்னலைச் சாத்திவிட்டு மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்குச் சில நிமிடம். அருகில் குடியிருக்கும் மக்களுக்கு இரவும் பகலும். அவர்கள் வீதிக்கு இறங்கிப் போராடியிருக்கிறார்கள். நகரின் பூங்காவில் ஒரு பிள்ளை ஒழுங்காகத் தொட்டியில் போட்ட போத்தலும் இன்னொரு பிள்ளையின் வாசலுக்குத்தான் போகிறது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதும் இந்த வேலிக்கு அப்பால் எறியும் பழக்கத்தின் பெரிய வடிவந்தான். நகரத்தின் வேலிக்கு அப்பால் ஏழைகளின் வளவு.

எங்கள் நிலத்துக்கு இன்னொரு நொய்மையும் உண்டு. யாழ். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றிலிருந்து குடிக்கிறோம். நிலத்தில் ஊறுவது எதுவும் கிணற்றுக்கு வரும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு அராலிப் பக்கத்தில் கடனீரேரியில் விழுகிறது. வழியில் நாங்கள் எறிந்தவற்றையும் அள்ளிக்கொண்டே போகிறது. பூங்காவில் கிடக்கும் யோகட் கோப்பையில் தேங்கும் ஒரு கரண்டி மழைநீர் போதும், டெங்கு நுளம்பு முட்டையிட. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. சிறுவர்கள் எறியும் கோப்பை சிறுவர்களையே கடிக்க நுளம்பை வளர்க்கிறது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பிரதேச சபைகள் விளையாட்டிடங்களுக்கு மூடியுள்ள தொட்டிகளை வைத்து, நாள் தவறாமல் எடுக்கவேண்டும். நிரம்பி வழியும் தொட்டி 'நீயும் கீழே போடு' என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. பாடசாலைகளில் குப்பை பொறுக்குவதைத் தண்டனையாகக் கொடுப்பதை நாளைக்கே நிறுத்தலாம். ஒரு சதம் செலவில்லை. அதிபரும் ஆசிரியரும் வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளோடு சேர்ந்து விளக்குமாறு பிடிக்கலாம். கல்விச் சுற்றுலாவில் கோட்டையையும் கோயிலையும் காட்டுகிறவர்கள், கல்லுண்டாய் வெளியில் ஐந்து நிமிடம் பஸ்ஸை நிறுத்தி, நாம் எறிந்தது இங்கேதான் வந்து சேர்கிறது என்று காட்டலாம். வீட்டிலே பெற்றோர், பூங்காவுக்குப் போகும்போது ஒரு பையையும் கொண்டு போய், கொண்டு சென்றவற்றின் மிச்சத்தைத் திரும்பக் கொண்டு வருவதை வழக்கமாக்கலாம். குப்பை எடுக்க வரும் தொழிலாளியைப் பிள்ளை 'ஐயா' என்றோ 'அண்ணை' என்றோ அழைக்கப் பழக்கலாம். இந்தக் கடைசிப் பழக்கம் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது என்பேன்.

பாலத்தில் நடந்ததற்கு இரண்டு நாள் கழித்து, அந்தச் சிறுவனையும் அழைத்துக்கொண்டு நான் சொன்ன விளையாட்டிடத்துக்குப் போனேன். கையில் ஒரு பழைய உரப்பை. அவன் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்க, நான் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். சற்று நேரத்தில் அவனும் வந்து சேர்ந்தான். பிறகு ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர். வீதியால் சைக்கிளில் போன என் வயதுக்காரர் ஒருவர் நின்று சிரித்தார்.

"என்ன மாஸ்ரர், பிரதேச சபையில வேலை கிடைச்சிட்டுதோ?"

பகிடிதான். ஆனால் பள்ளி மைதானத்தில் அன்று கேட்ட அதே சிரிப்பு. "ஓம், சம்பளம் மட்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஏன் அந்தத் தாத்தா சிரித்தார் என்று சிறுவன் கேட்டான். இந்த முறை நான் மறுமொழி சொன்னேன். வீட்டுக்கு வந்து தகப்பனிடமும் சொன்னேன். சிறுவன் அருகில் இருக்கத்தான் சொன்னேன். அண்ணன் மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி சித்தப்பா, பிழைதான்" என்றான். மகனின் முன்னால் பிழையை ஒப்புக்கொண்ட அந்த ஒரு வசனம், எந்தப் பாடப்புத்தகத்தை விடவும் நல்ல பாடம் என்று நினைக்கிறேன்.

வட்டுக்கோட்டை என்றால் உலகத் தமிழருக்கு உடனே நினைவுக்கு வருவது 1976 மே 14இல் பண்ணாகத்தில் நிறைவேறிய தீர்மானம். அது நிலத்தின் உரிமை பற்றிய தீர்மானம். நிலம் எங்களுடையது என்று சொல்லத் தெரிந்த எங்களுக்கு, அந்த நிலத்தில் போத்தலை எறியாமல் இருக்கவும் தெரியவேண்டாமா? இதற்கு மாநாடு வேண்டாம், கட்சி வேண்டாம். இந்த ஆண்டும் நல்லூருக்கும் சந்நிதிக்கும் ஆயிரக்கணக்கில் ஊருக்கு வருவீர்கள். பிள்ளைகளைக் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் கூட்டிச் செல்வீர்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் உங்கள் கை எப்படிப் பழகியிருக்கிறதோ, பொன்னாலைப் பாலத்திலும் அப்படியே இருக்கட்டும். பின் இருக்கையில் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.